கேமரா சொன்னால் குற்றம்... லாரிக்காரர் எங்கே போய்ச் சொல்வார்?

நாமக்கல்லில் ஒரு லாரி லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள், அதைப் பற்றிய தகவல் ஊர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. சரக்கு என்ன, மதிப்பு எவ்வளவு, யாருக்குப் போகிறது என்பதெல்லாம் இ-வே பில்லாக ஜி.எஸ்.டி. கணினியில் ஏறிவிட்டது. ராசாம்பாளையம் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வங்கிக்குச் செய்தி சொல்கிறது. ஓமலூரில் இன்னொரு முறை சொல்கிறது. கேபினுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி, வண்டி எங்கே நின்றது, எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று ஓயாமல் அனுப்பிக்கொண்டே வருகிறது. தொப்பூர் கணவாய் ஏறித் தருமபுரியைத் தாண்டும் நேரத்தில், அந்த லாரியைப் பற்றி அதன் உரிமையாளருக்குத் தெரிந்ததைவிடக் கணினிகளுக்கு அதிகம் தெரியும்.

இந்தத் தகவலால் வரித்துறைக்குப் பயன் உண்டு. சுங்கம் வசூலிப்பவருக்கு, வங்கிக்கு, செயலி நடத்தும் நிறுவனத்துக்கு எல்லாம் பயன் உண்டு. லாரிக்காரரிடம் மட்டும் அது பெரும்பாலும் அபராதமாகவோ பிடித்தமாகவோதான் திரும்பி வருகிறது. அது தப்பாக வந்துவிட்டால், மறுத்துப் பேச அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடையாது. செயற்கை நுண்ணறிவு மனிதனின் வேலையைப் பறிக்குமா என்று பெருநகர அரங்குகளில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்த விவாதம் வேறொரு கேள்வியாக வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இயந்திரம் தீர்ப்புச் சொன்னால், மேல்முறையீடு எங்கே?

வானம் பார்த்த பூமியின் தொழில்

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பகுதி லாரியால் பெயர் பெற்றுவிட்டது. மழை குறைந்த மேட்டு நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள், நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் லாரி வாங்கின. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. சங்ககிரி சரக்கு லாரிகளின் ஊரானது. தென்னிந்தியாவில் சமையல் எரிவாயு ஏற்றி ஓடும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லில்தான் இருக்கிறது. டி.என்.28, டி.என்.34, டி.என்.52, டி.என்.88 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டை பஞ்சாபிலும் அசாமிலும் பார்க்கலாம்.

இங்கே லாரி உரிமையாளர் என்றால் பெரிய முதலாளி என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருப்பவர்களுடையது. ஒரே வண்டி, அதற்கு மாதாமாதம் கட்ட வேண்டிய டியூ, ஓட்டுவதும் தானே என்று வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்பது ஒரு லோடில் மிச்சமாகும் காசு.

வரிசை குறைந்தது உண்மை

கணினி வந்ததால் கெடுதல் மட்டுமே நடந்தது என்று எழுதினால் அது பொய். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிக வரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. அங்கே மணிக்கணக்கில் நின்றதையும், ஒவ்வொரு மேசைக்கும் நோட்டு நீட்டியதையும் மூத்த ஓட்டுநர்கள் மறக்கவில்லை. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. சுங்கச்சாவடியில் நிற்கும் நேரம் குறைந்தது, சில்லறைத் தகராறு ஒழிந்தது, ஓட்டுநர் கையில் பணக்கட்டு கொடுத்தனுப்பும் பயமும் போனது. பழைய நாள் திரும்ப வேண்டும் என்று சங்ககிரியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் சோதனைச்சாவடி போனபோது அதனுடன் இன்னொன்றும் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவர் நல்லவரோ கெட்டவரோ, வாதாட ஒரு மனிதர் இருந்தார். ‘டயர் வெடித்துவிட்டது, அதனால் தாமதம்’ என்றால் எழுந்து வந்து டயரைப் பார்க்க முடியும். கணினி டயரைப் பார்க்காது. அதற்குத் தெரிந்தது நேரமும் தூரமும்தான்.

இ-வே பில்லை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது கட்டாயம். முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு இருந்தது. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே உத்தரவில் லாரிக்காரரின் கால அவகாசம் பாதியாகிவிட்டது. கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். அந்த நேரத்தில் வண்டி கொட்டும் மழையில் ஏதோ ஒரு மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் நிற்கலாம். கெடு தாண்டிப் பிடிபட்டால் சரக்கோடு லாரியும் முடங்கும். சரக்கின் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்டவேண்டி வரும். அபராதம் சரக்குக்காரர் தலையில் விழலாம், ஆனால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் லாரிக்காரரின் நஷ்டம்.

இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே சாட்சி. 2020 ஜனவரியில் ஹைதராபாத்தில், சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற நிறுவனத்தின் காகிதத்தை ஏற்றிய சிறு வண்டி, குடியுரிமைச் சட்ட எதிர்ப்புப் பேரணியால் வழியில் மாட்டிக்கொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை சரக்கை இறக்கப் போனபோது இ-வே பில் காலாவதியாகியிருந்தது. அதிகாரி சரக்கைப் பிடித்து 69,000 ரூபாய் வசூலித்தார். வரி ஏய்க்கும் எண்ணம் எங்கே இருக்கிறது என்று கேட்ட தெலங்கானா உயர் நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 10,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததோடு, செலவுத்தொகை போதாது என்று மேலும் 59,000 ரூபாய் சேர்த்தது.

நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகள் வழக்கு நடத்த ஒரு நிறுவனத்தால் முடிந்தது. ஒற்றை லாரி வைத்திருப்பவர் என்ன செய்வார்? கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த லோடைத் தேடுவார்.

நாக்பூர் அபராதமும் நாமக்கல் எஃப்.சி.யும்

இன்று பெரிய மனக்குறை இ-சலான் என்ற மின்னணு அபராதச் சீட்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கேமரா வழியாகக் குற்றம் பதிவு செய்ய வழி திறந்தது. 2021 ஆகஸ்டில் அதற்கான விதியும் வந்தது. அந்த விதியைப் படித்துப் பார்த்தால் நியாயமாகவே எழுதியிருக்கிறார்கள். கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை வேண்டும், 15 நாளுக்குள் வாகன உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் இப்படி வேலை செய்யத் தொடங்கின. நம் ஊர் லாரிகள் வாளையாறு தாண்டினால் அவற்றின் பார்வையில்தான் ஓடியாக வேண்டும்.

சிக்கல் நோட்டீஸ் போன பிறகு தொடங்குகிறது. அது போவது, வாகனப் பதிவில் என்றோ கொடுத்த செல்பேசி எண்ணுக்கு. வண்டி கை மாறியிருக்கும், எண் மாறியிருக்கும், செய்தி யாருக்கோ போயிருக்கும். காருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. புதுக்கார் வாங்கியவர் 15 ஆண்டுக்குப் பிறகுதான் பதிவைப் புதுப்பிக்கப் போகிறார். லாரிக்கு அப்படி இல்லை. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். அப்போதுதான் கணினியில் பழைய அபராதங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கட்டாவிட்டால் வேலை நகராது. எஃப்.சி. இல்லாமல் வண்டி நின்றால் ஒரு நாள் வாடகை போகும். அபராதம் சரியா தப்பா என்று யோசிக்க அங்கே அவகாசமே இல்லை.

மறுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மறுப்பு வழக்கானால் அது, குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் நீதிமன்றத்துக்குப் போகும். நாக்பூரில் எடுத்த படத்துக்கு, பரமத்தி வேலூர்க்காரர் நாக்பூரில் வக்கீல் வைக்க வேண்டும். படத்தில் இருப்பது தன் வண்டியே இல்லை என்றாலும் அதே கதைதான். சேறு தெறித்த நம்பர் பிளேட்டில் 8 என்பதை 3 என்று கேமரா படிக்க முடியும். போலி நம்பர் ஒட்டி ஓடும் வண்டிகளும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2025 ஜூலையில் இதே இ-சலானை எதிர்த்து லாரிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்றால், இது தமிழ்நாட்டு வண்டிகளின் குறை மட்டும் அல்ல என்று புரியும்.

முகம் தெரியாத இடத்திலிருந்து அபராதச் செய்தி வருவது வழக்கமாகிவிட்டதால், திருடனுக்கும் வழி கிடைத்தது. ‘உங்கள் வண்டிக்கு அபராதம், இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் போலி செய்தியைப் பற்றி, கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2024-இல் எச்சரித்தது. வியட்நாமைச் சேர்ந்த கும்பல் ஒன்று 4,400-க்கும் மேற்பட்ட செல்பேசிகளுக்குள் புகுந்து 16 லட்சம் ரூபாய்க்கு மேல் சுருட்டியதாக அது கண்டறிந்தது. உண்மை நோட்டீஸ் எது, போலி எது என்று உறுதி செய்துகொள்ள உள்ளூரில் ஓர் ஆள் இருந்திருந்தால், இந்தத் தூண்டிலில் இத்தனை பேர் சிக்கியிருக்க மாட்டார்கள்.

தப்புக்கு விலை வைத்தபோது

தீர்வு இல்லாத சிக்கல் இல்லை இது. சுங்கச்சாவடியிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு எங்கோ ஒரு சாவடியில் பணம் பிடித்தார்கள் என்ற புகார்கள் ஃபாஸ்டேக் வந்த பிறகு குவிந்தன. சாவடி ஊழியர் வண்டி எண்ணைக் கையால் தட்டச்சு செய்யும்போது நடக்கும் பிழைதான் இதற்கு முக்கியக் காரணம். 1033 என்ற எண்ணில் புகார் சொல்ல வழி செய்த தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தவறான ஒவ்வொரு பிடித்தத்துக்கும் சாவடியை நடத்தும் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போடத் தொடங்கியது. தப்புகள் வெகுவாகக் குறைந்தன.

இதில் புதுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தப்பின் செலவை யார் தலையில் வைப்பது என்ற முடிவு மட்டும் மாறியது. இன்று இ-சலானில் தப்பு நடந்தால் முழுச் செலவும் லாரிக்காரருக்கு. கேமராவை நிறுவியவருக்கும் நடத்துகிறவருக்கும் ஒரு காசு செலவில்லை. செலவில்லாத தப்பைத் திருத்த யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

கணினி சொல்வதை அப்படியே நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே கிளை அஞ்சல் நிலையங்களுக்கு ஃபியூஜிட்சு நிறுவனம் செய்துகொடுத்த ஹொரைசன் என்ற மென்பொருள், கணக்கில் பணம் குறைவதாகத் தப்பாகக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. கணினி சரியாக இயங்குகிறது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டின் சட்ட வழக்கம். தப்பு என்று நிரூபிக்கும் பாரம் சாதாரண மனிதர் மேல் விழுந்தது. 2024 மே மாதம் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க முடிந்தது. அபராதமும் சிறையும் ஒன்றல்ல. ஆனால் நிரூபிக்கும் பாரம் யார் மேல் என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

முட்டை விலை ஊருக்கே தெரியும்

தகவலின் இன்னொரு பக்கம் வியாபாரம். 2019-இல் மத்திய அரசு, வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களை மொத்தமாக விற்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் விலை. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தகவல் திறந்துவிடப்பட்டதாகவும், 65 கோடி ரூபாய் வந்ததாகவும் அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். தனியுரிமை பற்றிய எதிர்ப்பு வந்த பிறகு, 2020-இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. தகவலுக்குச் சொந்தக்காரரான வண்டிக்காரரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. ஒற்றை லாரியைத் தானே ஓட்டுகிறவரின் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான். அதைத் தனிநபர் தகவலாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது லோடு தேடித் தருவதும் ஃபாஸ்டேக் கொடுப்பதும் ஜி.பி.எஸ். மாட்டுவதும் ஒரே செயலிக்குள் வந்துவிட்டன. 2015-இல் தொடங்கி 2024 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த பிளாக்பக் நிறுவனம், ஓர் ஆண்டில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி உரிமையாளர்கள் தன் வழியாகப் பரிவர்த்தனை செய்ததாகத் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சொன்னது. நாட்டின் லாரி உரிமையாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் நாள் முழுக்கக் காத்திருந்தவருக்கு, திரும்பி வர லோடு எங்கே கிடைக்கும் என்று செல்பேசியில் தெரிவது பெரிய உதவி. மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊருக்கு எவ்வளவு வாடகை ஓடுகிறது என்ற முழுப்படம் செயலியை நடத்துகிறவரிடம் இருக்கிறது. லாரிக்காரர் பார்ப்பது தன் ஒரு லோடின் விலையை மட்டும்.

இதே நாமக்கல்லில் முட்டைக்கு நிலைமை வேறு. 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலை, பண்ணைக்காரர், வியாபாரி, பெட்டிக்கடைக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விலை பற்றிச் சண்டை உண்டு, அறிவித்த விலையில் ‘மைனஸ்’ கழிக்கும் பேச்சு உண்டு. இருந்தும் சண்டை போட ஒரு பொது எண் இருக்கிறது. அந்த முட்டையை ஏற்றிப் போகும் லாரியின் வாடகைக்கு அப்படி ஓர் எண் இல்லை. 2017 ஜூன் முதல் டீசல் விலை தினமும் அறிவிக்கப்படுகிறது. சுங்கக் கட்டணம் ஏறுவது நாளிதழில் வருகிறது. லாரிக்காரரின் செலவெல்லாம் பகிரங்கம், அவருடைய வருமானத்தின் சந்தை நிலவரம் மட்டும் ரகசியம். மாதம் 10 கோடிக்கு மேல் இ-வே பில் பதிவாகும் நாட்டில், எந்தத் தடத்தில் எவ்வளவு லாரி ஓடுகிறது என்பது அரசுக்கு அத்துப்படி. ஆள் பெயர், நிறுவனப் பெயர் இல்லாமல் தடவாரியாக அந்த நிலவரத்தையாவது வெளியிட்டால், வாடகை பேசும்போது சங்ககிரிக்காரர் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை.

தூக்கத்தைப் பார்க்கும் கேமரா

அடுத்து வருவது ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கும் கேமரா. தூக்கக் கலக்கத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவியைப் பெரிய லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் கட்டாயமாக்க, 2025 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு விதி வெளியிட்டது. தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைக் கண்ட இந்தப் பகுதி மக்கள் உயிர் காக்கும் கருவி எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கருவி மட்டும் போதாது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் லாரி ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி கட்டாயம். அதை ஆராய்ந்து 2022-இல் புத்தகம் எழுதிய கேரன் லெவி, கருவி நேரத்தை மட்டுமே பதிகிறது, ஓட்டுநரைக் களைப்பாக்கும் காரணத்தைத் தொடுவதில்லை என்று சுட்டிக்காட்டினார். மைல் கணக்கில் கூலி, லோடு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்ற முறை அப்படியே இருந்தது. நம் ஓட்டுநருக்கும் டிரிப் கணக்கில்தான் படி. கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் டீசல் திருட்டுப் பயம் இல்லாமல் படுத்துத் தூங்க இடம் அபூர்வம். கேமரா எழுப்பிவிடும். எழுந்தவர் மறுபடி ஓட்டத்தான் போகிறார். அந்தப் பதிவு, விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் ஓட்டுநர் மேலேயே பழி போடப் பயன்படக் கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டும்.

நம் அரசால் முடிந்தது

ஐரோப்பிய ஒன்றியம் செயலி வழித் தொழிலாளர்களுக்காக 2024-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கணினி எடுத்த முக்கிய முடிவை ஒரு மனிதர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் உண்டு. நமக்கு அவ்வளவு பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

லாரிக்காரர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. வாகனப் பதிவில் இருப்பது இப்போது பயன்படுத்தும் செல்பேசி எண்தானா என்று பாருங்கள். எஃப்.சி. வரும்வரை காத்திருக்காமல் மாதம் ஒரு முறை அரசின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். உங்கள் ஜி.பி.எஸ். பதிவைச் சேமித்து வையுங்கள். நாக்பூரில் படம் எடுத்ததாகச் சொல்லும் நேரத்தில் வண்டி சேலத்தில் நின்றது என்பதற்கு அதுவே ஆதாரம். சங்கங்கள் தப்பான அபராதங்களை ஒன்றாகத் திரட்டினால், தனித்தனிப் புலம்பலாக இருப்பது கணக்காக மாறும்.

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது இது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இ-சலான் மறுப்புக்கு ஒரு மேசை போடுங்கள். ஆதாரத்தைத் தமிழில் வாங்கிப் பிற மாநிலத்துக்கு அனுப்பவும், விசாரணைக்கு அந்த மேசையிலிருந்தே காணொலியில் ஆஜராகவும் ஏற்பாடு செய்யுங்கள். மறுப்பு நிலுவையில் இருக்கும்வரை எஃப்.சி.யை நிறுத்தக் கூடாது என்று பிற மாநிலங்களிடமும் மத்திய அரசிடமும் பேசுங்கள். தவறான சலான் ஒவ்வொன்றுக்கும் கேமராவை நடத்துகிறவர் பணம் கட்டட்டும். சுங்கச்சாவடியில் நடந்தது கேமராவிலும் நடக்கும்.